துருவில் ஒரு ஜன்னல்

குரோயனாகி மசுயோ அக்கா முதல்முறை தொலைபேசியில் கூப்பிட்டபோது முப்பத்தைந்து நிமிடம் பேசினோம். அதில் முக்கால்வாசி பேசியவள் நான்தான். வீட்டுக் கூரைக்கடியில் பழைய வாள் கிடைத்தால் முதலில் காவல் நிலையத்தில் சொல்ல வேண்டும். அவர்கள் தரும் சீட்டோடு மாகாணத்தின் பதிவு நாளில் வாளைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். பரிசோதகர் பார்த்து, இது இந்த நாட்டு முறையில் அடித்த வாள் என்று சான்று எழுதினால் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம். வேறு நாட்டு வாள் என்றால் சான்று கிடையாது. காவல்துறை வாங்கிப்போய்த் துண்டாக்கிவிடும். எந்தத் துணியில் சுற்றுவது, வண்டியில் எப்படிப் படுக்க வைப்பது, உறையிலிருந்து உருவும்போது விளிம்பு எந்தப் பக்கம் பார்த்திருக்க வேண்டும் என்பது வரை சொன்னேன். எனக்கு விளக்கப் பிடிக்கும். விளக்க ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது.

ஒன்றை மட்டும் சொல்ல மறந்துவிட்டேன். காம்பைத் தொடாதீர்கள் என்று சொல்லவில்லை.

வாளின் இரும்பு பிடிக்குள் நுழையும் பகுதியைத்தான் காம்பு என்கிறேன். வாள் தீட்டுகிற எங்களில் யாரும் அதில் கல் வைக்க மாட்டோம். அங்கே பிடிக்கும் துரு நாங்கள் வேண்டுமென்றே விட்டுவைக்கும் துரு. ஐம்பது வருடத் துரு செங்கல் நிறம். முந்நூறு வருடத் துரு வேகவைத்த சிவப்புக் காராமணியைப் போலக் கறுத்து, விரலுக்கு வழுவழுப்பாக இருக்கும். அதன் அடியில் கொல்லன் அரத்தால் இழுத்த கோடுகள் இருக்கும். எந்த ஊர்க் கொல்லன் எந்தச் சாய்வில் இழுப்பான் என்பதுகூடத் தெரிந்த கதைதான். பரிசோதகர்கள் வாளைப் பார்ப்பதற்கு முன்பு காம்பைத்தான் பார்ப்பார்கள்.

பிப்ரவரி மாதப் பதிவு நாளன்று மாகாணத் தலைநகர் ஃபுகுயியில் முழங்கால் அளவு பனி. பழைய அலுவலகக் கட்டடத்தின் இரண்டாம் மாடிக் கூடத்தில் மடக்கு மேசைகள், மண்ணெண்ணெய் அடுப்பு, சுவரோரம் குடைகள். கடலோர மிகுனியிலிருந்து சரக்கு வண்டியில் வந்த குரோயனாகி தம்பதி, துணைக்கு வந்து நின்ற என்னைக் கண்டதும் வணங்கினார்கள். இருவரும் அயலை மீனை உப்பிட்டுத் தவிட்டில் புளிக்க வைத்து விற்கிறவர்கள். அவர்கள் வந்ததும் கூடத்தின் வாசனையே மாறியது.

"இங்க பாருங்க தங்கச்சி," என்று குரோயனாகி அண்ணன் துணியைப் பிரித்தார். "கண்ணு கூசுதா இல்லியா?"

கூசியது. காம்பு புது சாப்பாட்டுக் கரண்டியைப் போலப் பளபளத்தது. அதற்கு மேல் அலகிலும் ஒரு சாண் அளவு துரு போய் வெளுத்திருந்தது. மீதி வாள் முழுக்கச் சிவப்புத் துரு.

"என்ன பண்ணினீங்க அண்ணே?"

"அரசாங்க ஆபீசுக்கு அழுக்கோட கொண்டாந்தா மரியாதையா இருக்குமா? உப்புத்தாள் போட்டுத் தேச்சு, பிளம் காடியில துணிய நனைச்சுச் சுத்தி வச்சு, தவிட்டால வழிச்சு எடுத்தேன். எங்க மீன் கத்தியெல்லாம் அப்படித்தான் சுத்தம் பண்றது."

"நான் குளிச்சிட்டு வர்றதுக்குள்ள இவ்வளவும் முடிச்சிட்டார்," என்றார் மசுயோ அக்கா. "வீட்டுல ஒரு தட்டு கழுவச் சொன்னா இடுப்பு வலி. இதுக்கு மட்டும் எங்கேர்ந்து வந்துச்சோ அந்த பலம். நான் போட்ட கூச்சல்ல மிச்சத்த விட்டார்."

"மிச்சம் கூர் இருக்கிற பக்கம். பயந்துட்டேன்," என்றார் அவர்.

என் முகத்தைப் பார்த்து இருவரும் சிரிப்பதை நிறுத்தினார்கள். செய்தது என்ன என்று சொன்னேன். சொல்லாமல் விட்டது நான் என்பதையும் சொன்னேன். அண்ணன் அருகிலிருந்த நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். அக்கா உட்காரவில்லை.

"எங்க சித்தப்பா கதை உங்களுக்குச் சொல்லியிருக்கேன்ல?" என்றார்.

சொல்லியிருந்தார். போர் முடிந்த வருடம் அமெரிக்கச் சிப்பாய்கள் வீடு வீடாக வாள்களைச் சேகரித்தபோது பத்தொன்பது வயதுச் சித்தப்பா இதை எண்ணெய்த் தாளில் சுற்றி, மீன் பீப்பாயின் அடியில், அயலைகளுக்குக் கீழே புதைத்திருக்கிறார். யாரோ காட்டிக்கொடுக்க, நான்கு நாள் உள்ளே வைத்துக் கேட்டார்கள். அவர் வாயைத் திறக்கவில்லை. வெளியே வந்ததும் வாளைக் கூரைக்கடிக்கு மாற்றிவிட்டார்.

"அந்த மனுஷன் காப்பாத்தினத நான் துண்டு போடக் குடுத்துட்டுப் போகமாட்டேன். நீங்க என்ன செய்யணுமோ செய்யுங்க. நானும் நிக்கிறேன்."

நான் சொல்லாமல் விட்டதால் அது என் கடமையாகவும் ஆகியிருந்தது.

வரிசையில் எங்களுக்கு முன்னால் தொகுனாகா என்ற எழுபது வயது அம்மா. மேசையில் அவர் வைத்திருந்தது பித்தளைக் கைக்காப்பு வைத்த வளைந்த வாள். பரிசோதகர் அசகாவா ஐயா ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர். ஒல்லியான உடம்பு, கழுத்தில் நூலில் தொங்கும் லென்ஸ். வாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மரியாதையோடு கீழே வைத்தார்.

"அம்மா, இது ஐரோப்பாவுல குதிரைப்படைக்காரங்களுக்குச் செஞ்சது. நல்ல வாள். ஆனா நான் இதுக்குச் சான்று எழுத முடியாது."

"எங்கப்பா கோபே துறைமுகத்துல ஒரு ஜெர்மன் மாலுமிகிட்ட சீட்டாட்டத்துல ஜெயிச்சது," என்றார் தொகுனாகா அம்மா. "அதுலயும் அப்பா திருட்டாட்டம்தான் ஆடியிருப்பார். போகட்டும், வந்த வழியிலயே போகுது. போலீஸ்காரர் எப்போ வருவார்?"

"மூணு மணிக்கு."

"அப்போ அடுப்புப் பக்கத்துல உக்காந்து இங்க நடக்கிறதப் பாக்கறேன். வீட்டுல டிவி ரிப்பேர்."

எங்கள் முறை வந்தது. அசகாவா ஐயா வாளை எடுத்ததும் மூக்கைச் சுருக்கினார்.

"அயலையா?"

"தவிட்டுல போட்டது," என்றார் குரோயனாகி அண்ணன் தாழ்ந்த குரலில்.

ஐயா காம்பைப் பார்த்தார். கொல்லன் தன் பெயரைப் பொறித்திருக்கிறானா என்று தேடினார். பெயர் இல்லை. அரக் கோடுகளை உப்புத்தாள் தின்றிருந்தது. பிடியோடு சேர்த்து இறுக்கும் ஆணித் துளை ஒன்று மட்டும் மிச்சம். பிறகு காடியில் வெளுத்த ஒரு சாண் பகுதிக்கு வந்தார். அங்கே இரும்பில் ஓடைத் தண்ணீர் சுழித்து ஓடுவது போல ஒரு சித்திரம். லென்ஸை வைத்தார்.

"கோடு கோடா இல்ல. புள்ளி புள்ளியா இருக்கு. காம்பும் இப்படி... இது பாரசீகமோ இந்தியாவோன்னுதான் எனக்குத் தோணுது. யாரோ வெளிநாட்டு வாளை வாங்கி நம்ம பிடியும் உறையும் போட்டிருக்காங்க. முன்னாடியும் அப்படி வந்திருக்கு."

அவர் அப்படிச் சொன்னதில் நியாயம் இருந்தது. இந்தியாவின் தெற்கிலும் பாரசீகத்திலும் இரும்பைச் சின்ன மண் கலயங்களில் அடைத்து, அது குழம்பாக உருகும்வரை காய்ச்சினார்கள். மெல்ல ஆறவிட்டால் உள்ளே கரி சேர்ந்த கடினமான வெள்ளை மணிகள் உண்டாகும். அந்தக் கட்டியை மங்கிய சிவப்புச் சூட்டில் பொறுமையாகத் தட்டி நீட்டினால் மணிகள் வரிசை கட்டும். கடைசியில் புளிப்பான திரவம் ஒன்றைத் தடவுவார்கள். மிருதுவான இரும்பைப் புளிப்பு அரித்துக் கறுப்பாக்கும். மணிகள் வெள்ளையாக நிற்கும். அதுதான் அந்த வாள்களின் தண்ணீர்ச் சித்திரம்.

நாங்கள் இரும்பைக் குழம்பாக உருக விடுவதில்லை. இரும்பு மணலையும் கரியையும் மூன்று நாள் எரித்து எடுக்கும் கட்டி, கடற்பஞ்சு போல ஓட்டையும் அழுக்குமாக இருக்கும். அந்த அழுக்கைத் துரத்தத்தான் மடித்து மடித்து அடிக்கிறோம். பன்னிரண்டு முறை மடித்தால் நாலாயிரம் அடுக்குக்கு மேல் வரும். எங்கள் வாளிலும் தண்ணீர்ச் சித்திரம் உண்டு. அது அடுக்குகளின் ஓரம், ஆகவே கோடாக ஓடும். அதை நாங்கள் கல்லால் மட்டும்தான் வெளியே கொண்டுவருவோம். புளிப்பு வைப்பது எங்களிடம் ஏமாற்று வேலை. குரோயனாகி அண்ணன் அறியாமல் ஒரு பாரசீகத் தொழிலாளியின் வேலையைத் தம் சமையலறையில் செய்திருக்கிறார்.

"ஐயா, அந்தப் புள்ளியெல்லாம் காடி தின்ன குழி," என்றேன். "பீப்பாய் உப்பு ஏற்கெனவே அரிச்சிருந்த இடத்துல காடியும் சேந்துக்கிச்சு. அடியில கோடுதான் இருக்கும்."

"இருக்கலாம்."

"அப்போ?"

"'இருக்கலாம்'ன்னு எழுத இந்தத் தாள்ல கட்டம் இல்லம்மா. ஆமா, இல்ல, ரெண்டே கட்டம்தான்."

மசுயோ அக்கா மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு ஜன்னல் திறக்க விடுங்க," என்றேன்.

துருப்பிடித்த வாள் முழுவதையும் தீட்டாமல், ஒரு தபால் தலை அளவு இடத்தை மட்டும் கடைசிக் கல் வரை தீட்டி உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதைத்தான் ஜன்னல் திறப்பது என்போம். சான்று இல்லாத வாளை என் பட்டறைக்குக் கொண்டுபோக எனக்கு அனுமதி இல்லை. பரிசோதகர் கண்ணெதிரே, இந்தக் கூடத்திலேயே என்றால் அவர் ஒப்புக்கொள்ளலாம். என் பையில் கற்கள் எப்போதும் இருக்கும்.

அசகாவா ஐயா கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்று நாற்பது.

"மூணு மணிக்கு இந்தக் கூடத்தப் பாட்டுக் குழுவுக்கு விடணும். அதுக்குள்ள முடியுமா?"

"முடிக்கிறேன்."

"ஒரு நிபந்தனை. ஜன்னல் எங்கன்னு நான் சொல்வேன். நீங்க தேர்ந்தெடுத்தா நல்ல இடமாப் பாத்துத் தேர்ந்தெடுப்பீங்க. அதுக்குப் பேரு பரிசோதனை இல்ல."

ஒரு காகிதத்தில் தபால் தலை அளவு ஓட்டை வெட்டினார். அதை வாளின் மேல் வைத்து, முனையிலிருந்து ஒரு சாண் கீழே, துரு தடித்துப் புடைத்திருந்த இடத்தில் ஒட்டினார்.

வெட்டு விழும் இடம் அதுதான். ஒவ்வொரு தலைமுறையும் அங்கேதான் அதிகம் தீட்டியிருக்கும். நான் தேடப் போகும் சாட்சி விளிம்பை ஒட்டிய ஒரு மெல்லிய பட்டை. அந்த இடத்தில் அது முழுவதும் தேய்ந்துபோயிருக்கவும் கூடும்.

"சரிங்க ஐயா," என்றேன்.

தரையில் செய்தித்தாள் விரித்து உட்கார்ந்தேன். அலுவலகப் பெண் தேநீர்க் கெண்டியில் தண்ணீர் கொண்டுவந்தார். அதில் கொஞ்சம் சலவைச் சோடா கலந்தேன். இல்லாவிட்டால் தீட்டிய இரும்பு நம் கண் முன்னாலேயே மறுபடி துருப்பிடிக்கும். முதல் கல் கரடு. சேறு சிவப்பாக வந்தது, பிறகு கறுப்பாக, பிறகு சாம்பலாக. புள்ளிகள் ஒவ்வொன்றாகச் சுருங்கின. இருபது நிமிடத்தில் கடைசிப் புள்ளியும் போயிற்று. இரண்டாவது கல், மூன்றாவது கல். துடைத்துவிட்டு லென்ஸை வாங்கிப் பார்த்தேன். மரப்பலகையின் ரேகையைப் போல மெல்லிய கோடுகள் அறுபடாமல் ஓடின.

அசகாவா ஐயா முழங்காலிட்டுப் பார்த்தார்.

"மடிப்புக் கோடுதான்," என்றார்.

"அப்பாடா!" என்றார் குரோயனாகி அண்ணன்.

"ஆனா மடிச்சு அடிக்கிறது நாம மட்டும் இல்லையே. வடக்கு ஐரோப்பாவுல ஒரு காலத்துல கம்பிகள முறுக்கி ஒட்டி அடிச்சாங்க. ஜாவாவுல குறுவாள் இன்னிக்கும் அடுக்கடுக்காத்தான் அடிக்கிறாங்க. இந்தியா இல்லன்னு வேணா சொல்லலாம். நம்முதுன்னு சொல்ல இது போதாது."

"ஏம்மா, இவர் நம்ம பக்கமா, அந்தப் பக்கமா?" என்று அண்ணன் தம் மனைவியிடம் முணுமுணுத்தார்.

"அவர் தாளோட பக்கம். நீ வாய மூடு," என்றார் அக்கா.

ஐயா சொன்னது சரி. மிச்சம் இருந்தது ஒரே சாட்சி, பதக் கோடு.

இரும்பைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் அது கடினமாகும். கூடவே நொறுங்கும் தன்மையும் வரும். இந்தச் சிக்கலை ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு விதமாகத் தீர்த்தது. குதிரைப்படை வாளைச் செய்தவர்கள் முழு வாளையும் கடினமாக்கி, பிறகு மறுபடி இளஞ்சூட்டில் வாட்டினார்கள். வாள் முழுவதும் ஒரே பதம், வில் போல. எங்கள் கொல்லன் களிமண் பூசுகிறான். முதுகில் தடிப்பாக, விளிம்பில் மெல்லிசாக. முக்கும்போது விளிம்பு சட்டென்று குளிர்ந்து கண்ணாடி போலக் கடினமாகிறது. மண் போர்வைக்குள் இருக்கும் முதுகு மெதுவாகக் குளிர்ந்து மிருதுவாக நிற்கிறது. கடினமாகும் விளிம்பு கொஞ்சம் உப்புவதால் வாள் தண்ணீருக்குள்ளேயே தானாக முதுகுப் பக்கம் வளைகிறது. கடினமும் மிருதுவும் சந்திக்கும் இடத்தில் ஒரு கோடு பிறக்கும். அதை யாரும் வரைவதில்லை. வாளோடு பிறந்து, விளிம்பு தேயத் தேய ஒருநாள் இல்லாமல் போகும்.

கட்டை விரலால் தேய்க்கும் கற்களுக்கு வந்தேன். நகத்தைவிட மெல்லிய கல் செதில்களைக் காகிதத்தில் ஒட்டி வைத்திருப்போம். பெருவிரலுக்கடியில் வைத்து, அழுத்தாமல், வெண்ணெய் தடவுவது போலத் தேய்க்க வேண்டும். கடினமான இரும்பில் இந்தக் கல் வெண்மையாகப் பனிமூட்டம் ஏற்றும், மிருதுவான இரும்பில் கறுப்பாக்கும். காடி கேட்கும் அதே கேள்வியைத்தான் கல்லும் கேட்கிறது, எங்கே நீ கடினம் என்று. கல் கேட்கும்போது குழி விழுவதில்லை.

இரண்டு முப்பது. ஜன்னல் முழுவதும் ஒரே சாம்பல் நிறம்.

"என்ன தெரியுது?" என்றார் மசுயோ அக்கா.

"இன்னும் ஒண்ணும் தெரியல."

"எங்க சித்தப்பா நாலு நாள் உக்காந்தார். உங்களுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகல."

தொகுனாகா அம்மா அடுப்போரத்திலிருந்து சிரித்தார். "இந்த அக்காவ நான் வேலைக்கு வச்சிருந்தா என் கடை மூடியிருக்காது."

புதுச் செதில் எடுத்தேன். இன்னும் நூறு தேய்ப்பு. சாம்பல். இன்னும் நூறு. விரல் நுனியில் தோல் கழன்று எரிந்தது. விட்டுவிட மனம் வரவில்லை. அதே சமயம் ஒரு சந்தேகம். விரலுக்கடியில் விளிம்புப் பக்கம் கல் வழுக்குகிறது, மேல் பக்கம் கல் பிடிக்கிறது. கை ஒன்று சொல்கிறது, கண் வேறு சொல்கிறது. கை பொய் சொல்லாதென்றால் கண்ணுக்கு என்ன ஆயிற்று?

அண்ணாந்து பார்த்தேன். கூரை முழுக்க நீளக் குழல் விளக்குகள். எனக்கே என் மேல் கோபம் வந்தது. பதக் கோட்டை நேராகப் பார்க்க முடியாது. ஒற்றை விளக்கின் ஒளி இரும்பில் பட்டு வழுக்கும்போது அந்த ஒளியின் ஓரத்தில்தான் அது தெரியும். எல்லாப் பக்கமிருந்தும் வெளிச்சம் கொட்டினால் அது கரைந்துவிடும். என் பட்டறையில் ஒரே ஒரு பல்பு தொங்குவது இதற்காகத்தான்.

"ஐயா, குழல் விளக்க அணைக்கணும். திரையப் போடணும். எனக்கு ஒத்த விளக்கு ஒண்ணு வேணும்."

"இங்க ஏதும்மா ஒத்த விளக்கு?"

"வண்டியில என் நெத்தி விளக்கு இருக்கு!" குரோயனாகி அண்ணன் எழுந்தே விட்டார். "விடிகாலை மீன் ஏலத்துக்குப் போட்டுக்கிறது." இடுப்பு வலிக்காரர் இரண்டு மாடியையும் இறங்கி, பனியில் ஓடி, ஏறி வந்தார். செருப்பில் ஒன்று காணவில்லை. வாசலில் பாட்டுக் குழுப் பெண்கள் நான்கைந்து பேர் நோட்டுப் புத்தகங்களோடு வந்து நின்றிருந்தார்கள்.

விளக்குகள் அணைந்தன. அண்ணன் நெற்றியில் விளக்கோடு என் தோளுக்குப் பின்னால் நின்றார்.

"ஆடாதீங்க அண்ணே."

"மூச்சு வாங்குது."

"அப்போ மூச்சு விடாதீங்க."

வாளைக் கொஞ்சம் சாய்த்தேன். ஒளி ஜன்னலின் மேல் பக்கமிருந்து வழுக்கி இறங்கியது. விளிம்பை ஒட்டி, அரிசி மணியின் அகலம் கூட இல்லாத ஒரு வெள்ளை மூட்டம். அதன் மேல் எல்லையில் உறைபனிப் பொடியைப் போல மினுக்கும் துகள்கள்.

"இருக்கு," என்றேன்.

ஐயா கன்னத்தை என் கன்னத்தருகே கொண்டுவந்து பார்த்தார்.

"ஏதோ தெரியுது. ஆனா விளிம்பு சாய்வா இருக்கு. சாயுற இடத்துல எந்த உலோகத்துலயும் வெளிச்சம் மாறும். வெறும் நிழலா இருந்தா?"

"ஐயா, இன்னும் என்னதான் வேணும்?" என்றார் மசுயோ அக்கா.

"ஒப்பிட ஒண்ணு வேணும். என் மாணவங்ககிட்ட நாப்பது வருஷம் இதத்தான் சொன்னேன். ஒண்ண மட்டும் பாத்து எதையும் சொல்லாத, பக்கத்துல இன்னொண்ணு வை."

இருட்டில் நான் அடுப்புப் பக்கம் திரும்பினேன். தொகுனாகா அம்மா ஏற்கெனவே எழுந்து நின்றிருந்தார்.

"என்னத்துக்குப் பாக்கறீங்க? எடுத்துக்கோங்க," என்று குதிரைப்படை வாளை நீட்டினார். "எங்கப்பா பொருள் ஒரு நல்ல காரியத்துக்குச் சாட்சி சொன்னா அதிசயம்தான்."

"அதே இடம், அதே கல்லு, அதே அளவு," என்றார் ஐயா. கண் மின்னியது. மணி இரண்டு நாற்பத்தேழு.

அந்த வாளில் துரு குறைவு. பன்னிரண்டு நிமிடத்தில் முடித்தேன். இன்னும் கொஞ்ச நேரத்தில் துண்டாகப் போகிற வாள் அது. ஆனாலும் ஒரு கல்லையும் தாண்டவில்லை. ஒன்றில் அவசரப்பட்டால் ஒப்பீடே கெட்டுவிடும். பாட்டுக் குழுவில் ஒருத்தி, "இது முடிஞ்சுதான் நம்ம பாட்டா?" என்றாள். இன்னொருத்தி, "உஷ், பாட்டு எங்கயும் போகாது," என்றாள்.

இரண்டு வாள்களையும் அடுத்தடுத்து நனைத்த துணியில் வைத்தேன். ஐயா விளக்கைத் தாமே வாங்கித் தம் நெற்றியில் கட்டிக்கொண்டார். முதலில் குதிரைப்படை வாள். ஒளி முதுகிலிருந்து விளிம்பு வரை ஒரே சீராக, தடையில்லாமல் வழுக்கியது. சாய்வு மாறிய இடத்தில் ஒரு நிழல் வந்தது, தலையை அசைத்ததும் நகர்ந்து போயிற்று. பிறகு அக்காவின் வாள். அதே நிழல் வந்தது, நகர்ந்தது. வெள்ளை மூட்டம் நகரவில்லை. அவர் தலையை இடமாக, வலமாக, கீழாக அசைத்தார். அது இருந்த இடத்திலேயே இருந்தது.

"விளக்கப் போடுங்க," என்றார்.

மேசைக்குப் போய்ப் பேனாவைத் திறந்தார். நீளம், வளைவின் ஆழம், ஆணித் துளை ஒன்று, பெயர் இல்லை. எழுதிக்கொண்டே வந்தவர் குறிப்புக் கட்டத்தில் நிறுத்தி, குரோயனாகி அண்ணனை மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். 'காம்பு தேய்க்கப்பட்டுள்ளது' என்று அழுத்தி எழுதினார்.

"இது இந்தத் தாள்ல என்னிக்கும் இருக்கும்," என்றார்.

"இருக்கட்டும் ஐயா," என்று அண்ணன் இடுப்பு வலியை மறந்து குனிந்தார்.

மசுயோ அக்கா அழுவார் என்று நினைத்தேன். அவர் சான்றை இரண்டு கைகளாலும் வாங்கி, எழுத்து எழுத்தாகப் படித்தார். பிறகு துணியில் கிடந்த வாளைப் பார்த்து, "சித்தப்பா, கெளம்பலாம்," என்றார்.

காவலர் தோள்களில் பனியோடு உள்ளே வந்தார். தொகுனாகா அம்மா தம் வாளை எடுக்கக் கை நீட்டினார். எனக்கு அப்படியே விட மனம் வரவில்லை.

"அம்மா, ஒரு நிமிஷம். இந்த வாளுக்கு என்ன தெரியும்னு நீங்க பாத்திருக்கீங்களா?"

"வளையும்னு அப்பா சொல்வார். சீட்டாட்டக்காரர் பேச்சு, யார் நம்பினா?"

அசகாவா ஐயாவைப் பார்த்தேன். அவர் தாள்களை அடுக்குவதற்காக முதுகைத் திருப்பிக்கொண்டார். காவலரும் தடுக்கவில்லை. முனையைச் செய்தித்தாள் மடிப்பில் ஊன்றி, பிடியை இரண்டு கைகளால் மெல்ல அழுத்தினேன். வாள் பக்கவாட்டில் வில்லாக வளைந்தது. பாட்டுக் குழு மூச்சை இழுத்தது. கையைத் தளர்த்தினேன். டிங் என்று ஒரு சத்தம். வாள் தன் பழைய வடிவுக்கே திரும்பியது, ஒரு முடி அளவும் கோணவில்லை.

"எங்க வாளால இத செய்ய முடியாது," என்றேன். "இவ்வளவு வளைச்சா வளைஞ்சபடியே நின்னுடும். இல்ல விளிம்பு விரிசல் விடும்."

"அப்போ இதுதானே ஒசத்தி?" என்றார் குரோயனாகி அண்ணன் கலவரத்தோடு.

"ஓடுற குதிரை மேல இருந்து குத்தினா வாள் வளையணும், திரும்பவும் வரணும். அதுக்கு இது. தரையில நின்னு ஒரே வீச்சுல அறுக்கணும்னா விளிம்பு கடினமா இருக்கணும். அதுக்கு அது. என்ன கேட்டாங்களோ அதக் கொடுத்திருக்காங்க."

தொகுனாகா அம்மா வாளை வாங்கித் தாமும் ஒருமுறை, கொஞ்சமாக, அழுத்திப் பார்த்தார். டிங். சிரித்தார்.

"அப்பா ஒரு தடவையாவது உண்மை சொல்லியிருக்கார்," என்று சொல்லிக் காவலரிடம் கொடுத்தார். "ரசீது குடுங்க. பேரு சரியா எழுதுங்க."

கீழே வண்டியின் பின்பக்கம் வாளைப் படுக்கவைத்தோம். சான்று இருப்பதால் இனி என் பட்டறைக்கு அதைக் கொண்டுவரலாம். வசந்தம் வந்ததும் முழுவதையும் தீட்டுகிறேன் என்று சொன்னேன். அதுவரை எப்படி வைத்திருப்பது என்று விளக்க ஆரம்பித்தேன். இந்த முறை மறக்கக்கூடாதது முதலிலேயே வந்தது.

"காம்பத் தொடாதீங்க."

"தொடமாட்டேன் தங்கச்சி. சத்தியமாத் தொடமாட்டேன்," என்றார் குரோயனாகி அண்ணன், ஒற்றைச் செருப்போடு பனியில் நின்றுகொண்டு. "அந்தப் பழைய துரு... அது திரும்ப வர எவ்வளவு நாள் ஆகும்?"

"முந்நூறு வருஷம்."

அவர் கொஞ்சம் யோசித்தார்.

"சரி," என்றார். "நாளைக்கே ஆரம்பிச்சிடலாம்."

மசுயோ அக்கா வண்டிக் கதவைத் திறந்து, "மொதல்ல செருப்பத் தேடு," என்றார்.